செம்பெயர்ச்சியை நீங்களே அளப்பது எப்படி: ஷூ டப்பாவில் தொடங்கி 460 கோடி ஆண்டு வரை

டியூஷன் பிள்ளைகள் பதினொரு பேரை வேனில் ஏற்றிக்கொண்டு ஒரு சனிக்கிழமை காவலூர் வானியல் ஆய்வகத்துக்குப் போயிருந்தோம். வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறும் பாதை, நாலு வளைவுக்கு ஒருவன் வாந்தி எடுத்தான். இறங்கி வரும்போது பத்தாவது படிக்கிற ஒருவன், வாந்தி எடுக்காதவன், கேட்டான்: "சார், தூரத்துல இருக்கிற கேலக்ஸி எல்லாம் சிவப்பாயிடும்னு யூடியூப்ல சொன்னாங்க. இங்க மாட்டியிருந்த படத்துல எல்லாம் வெள்ளையும் நீலமுமாத்தானே இருக்கு?"

நல்ல கேள்வி. வேனில் அரைகுறையாகப் பதில் சொன்னேன், வீட்டுக்கு வந்து யோசித்தால் நான் சொன்னதில் பாதி எனக்கே பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவர்களோடு உட்கார்ந்து செய்து பார்த்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும், வேலூர் வெயிலில் மொட்டை மாடிக்குக்கூடப் போக வேண்டாம்.

முதலில் அந்தப் பெயரை ஒரு ஓரமாக வைத்துவிடுங்கள். செம்பெயர்ச்சி, அதாவது ரெட்ஷிஃப்ட் (ஒளியின் அலைநீளம் கூடிச் சிவப்புப் பக்கம் நகர்வது), என்ற பெயரைக் கேட்டதும் கேலக்ஸிக்குச் சிவப்பு பெயின்ட் அடித்தது போல ஒரு படம் மனதில் வருகிறது. ஒரு கேலக்ஸி சிவப்பாகத் தெரிய வயதான நட்சத்திரங்கள் காரணமாக இருக்கலாம், நடுவில் இருக்கும் தூசி காரணமாக இருக்கலாம். சாயங்காலம் கோட்டை மதில்மேல் நின்று பார்க்கும் சூரியன் சிவந்து போவது காற்று நீல ஒளியைச் சிதறடிப்பதால், அதற்கும் செம்பெயர்ச்சிக்கும் சம்பந்தமே இல்லை. நாம் அளக்கப்போவது நிறத்தை இல்லை, ஒளியை நிறங்களாகப் பிரித்தால் தெரியும் கோடுகள் நகர்ந்த தூரத்தை.

லத்தேரியில் ஒரு ஹாரன்

காட்பாடியில் பெரும்பாலான ரயில்கள் நின்றுவிடுவதால் இதற்கு லத்தேரி பக்கம் போக வேண்டும். நிற்காமல் பறக்கும் எக்ஸ்பிரஸ் ஹாரன் அடித்துக்கொண்டே உங்களைத் தாண்டும்போது "பீ...ங்" என்று வந்த சத்தம் தாண்டிய நொடியில் "போ...ங்" என்று இறங்கும். (தண்டவாளத்திலிருந்து தள்ளி நின்று கேளுங்கள், ரீல்ஸ் எடுக்க வேண்டாம்.) மணிக்கு 110 கிலோமீட்டர் என்றால் நொடிக்குச் சுமார் 30 மீட்டர். ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர். ரயில் ஒலியின் வேகத்தில் பதினொன்றில் ஒரு பங்கு வேகத்தில் போவதால் வித்தியாசம் காதுக்கே தெரிகிறது. கிறிஸ்டியன் டாப்ளர் 1842-ல் இதைக் கணக்காகச் சொன்னார். 1845-ல் நெதர்லாந்தில் பய்ஸ் பாலட் என்பவர் எக்காளம் ஊதுகிறவர்களை ரயிலில் ஏற்றி ஓடவிட்டு, சுதி தெரிந்தவர்களைக் கீழே நிறுத்திச் சோதித்தே பார்த்தார்.

ஒளிக்கும் இதேதான், ஆனால் ஒளியின் வேகம் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். அதே ரயிலின் முகப்பு விளக்கில் ஏற்படும் மாற்றம் ஒரு கோடியில் ஒரு பங்கு. கண்ணால் பிடிக்கவே முடியாது. அதற்குத்தான் கோடுகள் வேண்டும்.

ஆம்பூர் ஷூ டப்பா

ஆம்பூர் பக்கம் ஷூ டப்பாவுக்குப் பஞ்சமில்லை, ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். குறுகிய பக்கம் ஒன்றில் நெட்டாக ஒரு சின்னத் துளை வெட்டி, அதன்மேல் இரண்டு சேவிங் பிளேடுகளை ஒரு தாளின் கனம்தான் இடைவெளி இருக்கும்படி எதிரெதிராக ஒட்டுங்கள். எதிர்ப்பக்கத்தில் ஒரு பழைய சிடியைச் சாய்த்து நிறுத்துங்கள். அது எங்கே பளபளக்கிறது என்று பார்த்து அதற்கு நேராக மூடியில் ஒரு எட்டிப்பார்க்கும் ஓட்டை. சிடியின் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரோமீட்டர்தான் இடைவெளி, அதனால் அது ஒரு கீற்றணியாக வேலை செய்து ஒளியை நிறங்களாகப் பிரித்துவிடும். டிவிடியில் இடைவெளி 0.74 மைக்ரோமீட்டர், நிறங்கள் இன்னும் அகலமாக விரியும். எங்கள் முதல் டப்பாவில் ஒன்றுமே தெரியவில்லை. மூடி ஓரமாக வெளிச்சம் உள்ளே கசிந்துகொண்டிருந்தது. கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியதும் சரியாகிவிட்டது.

இப்போது ஒவ்வொன்றாகப் பாருங்கள். பழைய குண்டு பல்பு: சிவப்பிலிருந்து ஊதா வரை தொடர்ச்சியான பட்டை. எலக்ட்ரிகல் கடையில் தூசி படிந்து கிடக்கும் சிஎஃப்எல்: பச்சையில் ஒரு பளிச் கோடு, நீலத்தில் ஒன்று, அவை உள்ளே இருக்கும் பாதரசத்தின் கோடுகள், 546 நானோமீட்டரும் 436 நானோமீட்டரும். எல்இடியில் கோடே கிடையாது, அது இதற்கு உதவாது. அடுத்தது சமையலறை. சாம்பார் பொங்கி அடுப்பில் வழிந்தால் நீலத் தீ திடீரென்று மஞ்சளாகும் இல்லையா, அது உப்பிலிருக்கும் சோடியம். டப்பா வழியாகப் பார்த்தால் 589 நானோமீட்டரில் ஒரே ஒரு மஞ்சள் கோடு. உண்மையில் அது ஒட்டிக்கொண்டிருக்கும் இரட்டைக் கோடு, நம் டப்பாவுக்கு அவ்வளவு கூர்மை போதாது.

பகலில் டப்பாவை வெள்ளை மேகத்தைப் பார்த்துத் திருப்புங்கள். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது, கண் போய்விடும். பிளேடு இடைவெளி சரியாக அமைந்தால் வண்ணப் பட்டையின் குறுக்கே மெல்லிய கருங்கோடுகள் தெரியும். 1814-ல் ஃபிரான்ஹோஃபர் இவற்றை நூற்றுக்கணக்கில் எண்ணி வரைந்து வைத்தார். 1859-ல் கிர்க்காஃபும் புன்சனும் இவை என்ன என்று கண்டுபிடித்தார்கள்: ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய அலைநீளங்களை மட்டும் வெளியிடும், அதே அலைநீளங்களைத்தான் விழுங்கவும் செய்யும். மஞ்சளில் தெரியும் கருங்கோடு உங்கள் சாம்பார் காட்டிய அதே இடம். சூரியனிலும் சோடியம் இருக்கிறது!

கைலிக் கோடு

இந்த இடத்தில்தான் பிள்ளைகள் தடுமாறினார்கள். "கோடு நகர்ந்துச்சுன்னு எப்படி சார் தெரியும்? அது வேற கோடா இருந்தா?"

குடியாத்தத்தில் கைலி நெய்கிற ஒருவர் வீட்டுக்குப் பக்கத்தில்தான் நான் வளர்ந்தேன். பாவில் எந்த நிற நூல் எத்தனை இழை, அடுத்தது எவ்வளவு தள்ளி என்பது அவருக்கு மனப்பாடம். துவைத்துச் சாயம் போன துணியைக் காட்டினாலும், நிறத்தை விட்டுவிட்டு வரிசையைப் பார்த்து "இது அந்த ரகம்" என்பார். இப்போது அந்தத் துணி ரப்பர் போல இழுபடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மடங்கு இழுத்தாலும் வரிசை மாறாது, இடைவெளிகளின் விகிதம் மாறாது. எவ்வளவு இழுபட்டது என்பதையும் அதிலிருந்தே சொல்லிவிடலாம்.

கேலக்ஸி ஒளியில் நமக்கு மனப்பாடமாக வேண்டிய கோடுகள் அதிகமில்லை. கால்சியத்தின் ஜோடி, 393.5-ம் 397.0-ம், ஊதா ஓரத்தில் இரண்டு ஆழமான பள்ளங்கள். ஹைட்ரஜன் பீட்டா 486.3. ஆக்சிஜன் ஜோடி 496.0-ம் 500.8-ம். சோடியம் 589.4 என்று ஒன்றாக எடுத்துக்கொள்ளலாம். ஹைட்ரஜன் ஆல்பா 656.5. எல்லாம் நானோமீட்டரில், வெற்றிடத்தில் உள்ள மதிப்பு. பாடப்புத்தகத்தில் ஹைட்ரஜன் ஆல்பா 656.3 என்று இருக்கும், அது காற்றில் அளந்தது. சின்ன வித்தியாசம்தானே என்று விட்டுவிடாதீர்கள், வேகத்தில் அது நொடிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் பிழை கொடுக்கும்.

வரிசை நினைவில் இருந்தும் பெரிய ஆட்களே ஏமாந்திருக்கிறார்கள். 3சி 273 என்று கன்னி ராசித் திசையில் நட்சத்திரம் போலவே தெரியும் ஒரு புள்ளி. அதன் நிறமாலையில், அதாவது ஒளியைப் பிரித்தால் வரும் வண்ணப் பட்டையில், இருந்த அகலமான கோடுகள் எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. 1963-ல் மார்ட்டன் ஷ்மிட்டுக்குப் பொறி தட்டியது: இவை சாதாரண ஹைட்ரஜன் கோடுகள்தான், மொத்த வரிசையும் கிட்டத்தட்ட 16 சதவீதம் இழுபட்டிருக்கிறது, அவ்வளவுதான். நட்சத்திரம் என்று நினைத்தது 200 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருந்தது. குவேசார் என்ற இனமே அப்படித்தான் பிடிபட்டது.

கணக்கு

செம்பெயர்ச்சியின் அளவை இசட் என்பார்கள். சூத்திரம் ஒன்றே ஒன்று:

இசட் = (பார்த்த அலைநீளம் − ஆய்வக அலைநீளம்) ÷ ஆய்வக அலைநீளம்

ஒரு கேலக்ஸியில் கால்சியம் கோடு 425.0-லும், ஹைட்ரஜன் பீட்டா 525.2-லும், ஹைட்ரஜன் ஆல்பா 709.0-லும் இருக்கிறது என்று வைப்போம். கால்சியம் நகர்ந்தது 31.5, ஹைட்ரஜன் ஆல்பா நகர்ந்தது 52.5. "ரெண்டும் வேற வேறயா வருது, தப்பு" என்று ஒருத்தி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். வகுத்துப் பார்க்கச் சொன்னேன். 31.5-ஐ 393.5-ஆல் வகுத்தால் 0.08. 52.5-ஐ 656.5-ஆல் வகுத்தாலும் 0.08. பீட்டாவும் அதேதான். எல்லாக் கோடும் 1.08 மடங்கு ஆகியிருக்கிறது. நகர்ந்த அளவு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, மடங்கு ஒன்றாக இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் ஏதோ ஒரு கோட்டை நீங்கள் தவறாக அடையாளம் கண்டிருக்கிறீர்கள்.

இசட் சின்னதாக இருக்கும்வரை, ஒரு 0.1 வரை என்று வையுங்கள், அதை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் விலகும் வேகம் வந்துவிடும். 0.08 என்றால் நொடிக்கு 24,000 கிலோமீட்டர். அதற்கு மேலே போனால் இந்தக் குறுக்குவழி நொண்டும். இசட் 2 என்று வந்தால் ஒளியைவிட இரண்டு மடங்கு வேகம் என்று எழுதிவிடாதீர்கள்.

வேகத்திலிருந்து தூரத்துக்கு

வெஸ்டோ ஸ்லைஃபர் 1912-ல் அரிசோனாவில் ஆந்த்ரோமெடாவை அளந்தபோது கோடுகள் நீலப் பக்கம் நகர்ந்திருந்தன. நொடிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் அது நம்மை நோக்கி வருகிறது. அதன்பின் அவர் அளந்தவற்றில் பெரும்பாலானவை சிவப்புப் பக்கம். தூரம் அவருக்குத் தெரியாது. துடிக்கும் செபீட் நட்சத்திரங்களைக் கொண்டு தூரம் அளக்கும் வழியை ஹென்ரியேட்டா லீவிட் திறந்துவிட்டார். அதைப் பிடித்துக்கொண்டு 1929-ல் எட்வின் ஹப்பிள் தூரத்தையும் வேகத்தையும் ஒரே வரைபடத்தில் போட்டார்: இரண்டு மடங்கு தூரம், இரண்டு மடங்கு வேகம். பெல்ஜியப் பாதிரியார் லெமேத்ர் 1927-லேயே இதைச் சொல்லிவிட்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹப்பிளுக்குக் கூட்டாளி மில்டன் ஹூமேசன், மவுன்ட் வில்சன் மலைக்குக் கோவேறு கழுதையில் சாமான் ஏற்றி வந்தவர், பிறகு அங்கேயே துப்புரவுப் பணி பார்த்து, கடைசியில் உலகிலேயே மங்கலான கேலக்ஸிகளின் நிறமாலையை எடுத்தவர். எனக்கு ஹப்பிளைவிட இவரைத்தான் பிடிக்கும்.

இன்றைய கணக்கில் ஒவ்வொரு மெகாபார்செக்குக்கும், அதாவது 32.6 லட்சம் ஒளியாண்டுக்கும், நொடிக்குச் சுமார் 70 கிலோமீட்டர். (ஒரு முறையில் அளந்தால் 67, இன்னொரு முறையில் 73 வருகிறது, அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.) நம் 24,000-ஐ 70-ஆல் வகுத்தால் 343 மெகாபார்செக், சுமார் 110 கோடி ஒளியாண்டு. அந்த ஒளி புறப்பட்டபோதே வேலூரைச் சுற்றி நிற்கும் இந்தப் பாறைகளுக்கு நூறு கோடி வயது தாண்டிவிட்டது.

பக்கத்துக் கேலக்ஸிகளுக்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள். அவை ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நொடிக்குச் சில நூறு கிலோமீட்டர் அங்கும் இங்கும் ஓடுகின்றன. கன்னிக் கொத்தில் எம்86 என்ற கேலக்ஸி சுமார் 5 கோடி ஒளியாண்டு தள்ளி இருந்தும் நம்மை நோக்கித்தான் வருகிறது. ஹப்பிள் விதியில் போட்டால் தூரம் மைனஸில் வரும்.

உண்மையில் என்ன நடக்கிறது

வேனில் நான் சொதப்பிய இடம் இது. ரயில் உதாரணத்தைச் சொல்லிவிட்டு அப்படியே விட்டுவிட்டேன். லத்தேரியில் ரயில் தண்டவாளத்தின்மேல் ஓடுகிறது. தூரத்துக் கேலக்ஸி விஷயத்தில் தண்டவாளமே நீள்கிறது. ஒளி புறப்பட்டதிலிருந்து வந்து சேரும்வரை இடைப்பட்ட வெளி எத்தனை மடங்கு விரிந்ததோ, அத்தனை மடங்கு அலைநீளமும் நீள்கிறது. அந்த மடங்குதான் இசட்டோடு ஒன்றைக் கூட்டினால் வருவது. இசட் 1 என்றால், ஒளி புறப்பட்டபோது கேலக்ஸிகளுக்கு இடையே இருந்த தூரம் இன்று இருப்பதில் பாதி. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி இசட் 14 வரை பார்த்துவிட்டது. அங்கே ஹைட்ரஜனின் 121.6 நானோமீட்டர் புறஊதாக் கோடு பதினைந்து மடங்காகி 1,824-ல், கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பில் வந்து நிற்கிறது. வெப் அகச்சிவப்புக் கருவியாகக் கட்டப்பட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கும் நுண்ணலைப் பின்னணிக்கு, அதாவது பிரபஞ்சத்தின் சூடான ஆரம்ப காலத்திலிருந்து மிஞ்சிய ஒளிக்கு, இசட் சுமார் 1,100. புறப்பட்டபோது 3,000 கெல்வின், இன்று 2.7 கெல்வின்.

அப்படியென்றால் ஜவ்வாது மலையும் விரிகிறதா என்று கேட்பார்கள். இல்லை. ஈர்ப்பால் கட்டுண்ட கேலக்ஸியும், அதற்குள் இருக்கும் சூரியக் குடும்பமும், மலையும், நாமும் விரிவதில்லை. கேலக்ஸிக் கொத்துகளுக்கு இடையே உள்ள வெளிதான் விரிகிறது.

"ஒளி இவ்வளவு தூரம் வந்த களைப்பில் சக்தி இழந்திருக்கலாமே?" என்று ஒருவன் கேட்டான். 1929-ல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி கேட்டதும் இதையேதான். பதில் வெடிக்கும் நட்சத்திரங்களில் இருக்கிறது: ஒருவகைச் சூப்பர்நோவா ஏறக்குறைய ஒரே கால அளவில் மங்கும். இசட் 0.5-ல் இருப்பது 20 நாளில் மங்க வேண்டியதை 30 நாள் எடுத்துக்கொண்டு மங்குவதாக நமக்குத் தெரிகிறது. களைத்துப்போன ஒளியால் கடிகாரத்தை மெதுவாக்க முடியாது. ஈர்ப்பாலும் செம்பெயர்ச்சி உண்டு, பவுண்டும் ரெப்காவும் 1960-ல் 22.5 மீட்டர் உயரத்திலேயே அதை அளந்துவிட்டார்கள். ஆனால் கேலக்ஸித் தூரக் கணக்கில் அதன் பங்கு மிகச் சிறியது.

இனி உங்கள் வேலை

ஷூ டப்பாவில் கேலக்ஸி தெரியாது. அதற்குப் பெரிய ஆடி வேண்டும். காவலூரில் 1968 வாக்கில் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை தொடங்கியபோது அது வட ஆற்காடு மாவட்டம். 1986-ல் 2.34 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டு, அதைக் கனவு கண்ட வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டபோது அவர் இறந்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இப்போது அந்த இடம் திருப்பத்தூர் மாவட்டத்தில். மலை நகரவில்லை, போர்டுதான் மாறிக்கொண்டே இருக்கிறது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை விடுவது வழக்கம், கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்தே செய்ய, ஸ்லோன் டிஜிட்டல் ஸ்கை சர்வேயின் ஸ்கைசர்வர் தளம் இருக்கிறது, இலவசம். நியூ மெக்சிகோவில் 2.5 மீட்டர் தொலைநோக்கி எடுத்த லட்சக்கணக்கான நிறமாலைகள் அதில் கிடக்கின்றன. ஒரு கேலக்ஸியைத் தேர்ந்தெடுத்து நிறமாலைப் படத்தைத் திறங்கள். கீழ் அச்சு ஆங்ஸ்ட்ராமில் இருக்கும், பத்தால் வகுத்தால் நானோமீட்டர். அவர்களே இசட் மதிப்பை அச்சடித்திருப்பார்கள், அதை ஒரு துண்டுத் தாளால் மறைத்துவிட்டு நீங்கள் கண்டுபிடியுங்கள். கால்சியம் ஜோடியை முதலில் தேடுங்கள். நட்சத்திரங்கள் நிறையப் பிறக்கும் கேலக்ஸி என்றால் ஆல்பாவும் ஆக்சிஜனும் கம்பம் போல எழுந்து நிற்கும்.

வேனில் கேள்வி கேட்டவன் எடுத்த படத்தில் 721.2-ல் ஒரே ஒரு பெரிய கம்பம். ஹைட்ரஜன் ஆல்பா என்று முடிவு கட்டி, இசட் 0.0985, தூரம் சுமார் 138 கோடி ஒளியாண்டு என்று அடிக்கோடு போட்டு எழுதிவிட்டான். துண்டுத் தாளை எடுத்தால் 0.44. முகம் தொங்கிவிட்டது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். கம்பத்துக்கு இடதுபக்கம் 714.2-ல், மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், அவன் கவனிக்காத ஒரு குட்டிக் கோடு. ஆக்சிஜன் ஜோடி எப்போதும் ஒன்றுக்கு மூன்று என்ற உயரத்தில்தான் நிற்கும். இன்னும் இடதுபக்கம் 700.3-ல் ஹைட்ரஜன் பீட்டா. மூன்றும் 1.44 மடங்கு. ஒற்றைக் கோட்டை நம்பி இசட் எழுதக் கூடாது என்று நான் வாயால் சொன்னபோது யாரும் கேட்கவில்லை, இதைப் பார்த்த பிறகு எல்லாரும் இரண்டாவது கோட்டைத் தேட ஆரம்பித்தார்கள்.

0.44-க்கு நேர்க்கணக்கு செல்லாது. இணையத்தில் பிரபஞ்சவியல் கால்குலேட்டர்கள் இருக்கின்றன, இசட் கொடுத்தால் மற்றது வரும். ஒளி பயணித்த காலம் சுமார் 460 கோடி ஆண்டு என்று வந்தது, ஏறக்குறைய பூமி உருவான சமயம். ஆனால் அதே திரையில் இன்னும் இரண்டு தூரங்கள். ஒளி புறப்பட்டபோது அந்தக் கேலக்ஸி சுமார் 380 கோடி ஒளியாண்டு தள்ளி இருந்தது. இன்று சுமார் 550 கோடி.

"இதுல எது சார் தூரம்?" என்றான். மூன்றுமே சரி, எதைக் கேட்கிறாய் என்பதைப் பொறுத்தது என்றேன். கொஞ்ச நேரம் என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, மூன்றையும் நோட்டில் சின்னதாக எழுதி, 0.44-ஐ மட்டும் கட்டம் போட்டான். வானியல் பட்டியல்களிலும் இசட்டைத்தான் எழுதி வைக்கிறார்கள். அது அளந்த எண், மற்ற மூன்றும் அதிலிருந்து போட்ட கணக்கு.